'என்னைப் பற்றி' மடிப்பு நூல்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: செந்தூலில் ஆண்டு 3 மாணவர்களுக்குத் தமிழ் கற்பிக்கிறேன். பள்ளி திறந்ததும் 'என்னைப் பற்றி' என்று ஒரு கைவேலை கொடுப்பது வழக்கம். மணிலா அட்டையில் வெட்டி ஒட்டி அழகாகச் செய்துவிடுகிறார்கள். எழுத்துதான் 28 பேருக்கும் ஒரே அச்சு: 'என் பெயர், என் வயது, எனக்கு மீன் குழம்பு பிடிக்கும்.' இதை எப்படி மாற்றுவது?

பதில்: கைவேலையை முதலில் கொடுப்பதுதான் சிக்கல். வண்ணம் தீட்டுவதிலேயே நேரம் போய்விடும்; மணி அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது பிள்ளை கைக்கு வந்த மூன்று வரியை எழுதிவைக்கும். வரிசையைத் திருப்பிப் போடுங்கள். முதல் பாடவேளையில் பேச்சும் வரைவும், அடுத்ததில் திருத்தம். எழுத்து முடிந்த பிறகே அட்டையைக் கொடுங்கள்.

வரைவுக்கு மாணவர்களை இருவர் இருவராக உட்கார வையுங்கள். ஒருவர் எழுதிய வாக்கியத்தைப் படித்துவிட்டு மற்றவர் மூன்று கேள்வி கேட்க வேண்டும். 'எனக்கு மீன் குழம்பு பிடிக்கும்' என்றால் யார் வைப்பது, என்றைக்கு, எப்படி இருக்கும் என்று கேட்கலாம். பதில்களைச் சேர்த்தால் 'ஞாயிற்றுக்கிழமை பாட்டி வைக்கும் மீன் குழம்பில் புளி தூக்கலாக இருக்கும். அன்று இரண்டு தட்டுச் சோறு சாப்பிடுவேன்' என்று வரும். இதை இன்னொரு பிள்ளை பார்த்து எழுத முடியாது. அது அந்த வீட்டுக் குழம்பு.

'நான், என், எனக்கு' மூன்றும் சேர்ந்து ஒரு பத்தியில் இரண்டு முறைக்கு மேல் வரக்கூடாது என்று ஒரு விதி வையுங்கள். 'சாப்பிடுவேன்' என்ற வினைமுற்றிலேயே 'நான்' அடங்கியிருக்கிறது. இந்த ஒரு விதியால் வாக்கியத் தொடக்கங்கள் தாமாகவே மாறும்.

மூன்று தலைப்புகள் போதும்: 'எங்கள் வீட்டில்', 'எனக்குப் பிடித்த ஒன்று', 'இப்போது கற்றுக்கொள்வது'. 'என் அப்பா, என் அம்மா' என்று தலைப்புக் கொடுக்காதீர்கள். தாத்தா பாட்டியிடம் வளரும் பிள்ளைக்கு அந்தப் பக்கம் வலிக்கும்.

இனி நூல். 160 ஜிஎஸ்எம் கனமுள்ள ஏ3 வரைதாளை நீளவாக்கில் இரண்டாக வெட்டினால் ஒரு தாளில் இருவருக்கு நூல் கிடைக்கும். 28 பேருக்கு 14 தாள். கெட்டுப்போவதற்கு இரண்டு கூடுதலாக வையுங்கள். ஒவ்வொரு பட்டையும் 42 செ.மீ. நீளம் இருக்கும். முதலில் சரிபாதியாக மடித்து, பிறகு இரு முனைகளையும் எதிர்ப்புறமாக நடுமடிப்புவரை மடியுங்கள். பத்தரை செ.மீ. அகலத்தில் நான்கு பக்கங்கள் விசிறிபோல் விரியும். ஒரு முனையிலிருந்து தொடர்ச்சியாக மடித்துக்கொண்டே போனால் சிறு சிறு பிசகுகள் சேர்ந்து கடைசிப் பக்கம் குட்டையாகிவிடும். மணிலா அட்டையில் செய்வதானால், மை தீர்ந்த பேனாவால் அளவுகோல் வைத்து மடிப்புக்கோட்டை முதலில் அழுத்திக் கீறிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் மடிப்பு வெடிக்கும்.

நூலில் நேரடியாக எழுத வைக்காதீர்கள். 9 செ.மீ. அகலமும் 12 செ.மீ. உயரமும் உள்ள கோடிட்ட தாளில் எழுதி ஒட்டட்டும். பிழை வந்தால் அந்தத் தாள் மட்டும்தான் வீண். முன்பக்கத்தில் முகப்பும் மூன்று பத்திகளும், பின்பக்கத்தில் படங்கள். மார்க்கர் மறுபக்கம் ஊறும், ஆகவே வண்ணப் பென்சில்தான் நல்லது. திரவப் பசை தாளைச் சுருக்கும். நம் ஊர் ஈரப்பதத்தில் அது காயவும் நேரமெடுக்கும். அதற்குள் மூடினால் பக்கங்கள் ஒட்டிக்கொள்ளும். குச்சிப் பசையை நான்கு ஓரங்களிலும் பூசச் சொல்லுங்கள்.

சுவரில் மாட்டுவதற்குமுன், வீட்டு முகவரி, கைப்பேசி எண், மைகிட் (பிள்ளைகளின் அடையாள அட்டை) எண் எதையும் யாரும் எழுதிவைக்கவில்லையா என்று பாருங்கள்.

கேள்வி: வரைவில் எல்லாப் பிழையையும் திருத்த வேண்டுமா? (ஆசிரியர், பிரிக்பீல்ட்ஸ்)

பதில்: வேண்டாம். வரைவு முழுக்கச் சிவப்பாகத் திரும்பி வந்தால் பிள்ளை அடுத்த முறை குறைவாக எழுதும். இந்தக் கைவேலைக்கு ஒற்றுப்பிழையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் அது தலைப்பிலேயே காத்திருக்கிறது. 'என்னை பற்றி', 'எனக்கு பிடித்த' என்றுதான் பலரும் எழுதுவார்கள். 'ஐ', 'கு' உருபுகளுக்குப் பின் வல்லினம் மிகும் என்பதை 'என்னைப் பற்றி', 'எனக்குப் பிடித்த' என்ற இரண்டையும் கரும்பலகையில் எழுதிக் காட்டிவிடலாம். நூலில் ஒட்டிய பிறகு பேனா வைக்காதீர்கள்.

கேள்வி: மகன் ஆண்டு 1. இதே வேலையை வீட்டில் செய்துவரச் சொல்லியிருக்கிறார்கள். அவனுக்கு இன்னும் வாக்கியம் எழுத வராது. நானே எழுதிக் கொடுக்கலாமா? (ஒரு தாய், பட்டர்வொர்த்)

பதில்: அவன் சொல்லட்டும், நீங்கள் வேறொரு தாளில் எழுதுங்கள், அதைப் பார்த்து அவன் எழுதட்டும். பக்கத்துக்கு ஒரு வாக்கியம் போதும். அவன் சொன்னது 'தாத்தாகூட தண்ணீர்மல போனேன்' என்றால், 'தாத்தாவுடன் தண்ணீர்மலைக்குப் போனேன்' என்று ஆக்குங்கள். அங்கே முருகன் கோயில் இருக்கிறதே என்று 'முருகப்பெருமானைத் தரிசித்தேன்' என உங்கள் சொல்லைச் சேர்க்காதீர்கள். பக்கம் ஏ5 அளவாவது இருக்கட்டும், கோட்டுக்குக் கோடு இரண்டு செ.மீ. இடைவெளி விடுங்கள். சின்னக் கைக்கு எழுத்து பெரிதாகத்தான் வரும். 'தண்ணீர்மலைக்குப்' என்ற சொல் குறுகிய தாளில் அடங்காமல் 'ப்' மட்டும் தனியாக அடுத்த வரிக்குப் போய்விடும். சொற்கள் எங்கே முடிய வேண்டும் என்று பென்சிலால் லேசாகப் புள்ளி வைத்துக் கொடுங்கள்.