சி.ஆர். புத்தகத்தில் பெயர் மாறாத தானம்

கேள்வி: கொழும்பு வெள்ளவத்தையில் இருக்கிறேன். வயது 68. என் பெயரில் 2014ஆம் ஆண்டு மிட்சுபிஷி அவுட்லேண்டர் பிளக்-இன் ஹைபிரிட் ஒன்று நிற்கிறது. லீசிங் எப்போதோ கட்டி முடிந்துவிட்டது. பற்றரி தளர்ந்துவிட்டது, ஓடுவதும் குறைவு. முதியோர் இல்லம் ஒன்றுக்குக் கொடுத்துவிடலாம் என்றால், "ஓப்பன் பேப்பரில் கையெழுத்து வைத்துத் தாருங்கள், மிச்சத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்கிறார்கள். கலிபோர்னியாவில் இருக்கும் மகன், காரைத் தானம் செய்தால் வரியில் கழிக்கலாம் என்கிறான். இங்கேயும் அப்படியா? அவர்கள் அதை விற்கக்கூடாது என்று நிபந்தனை போடலாமா?

பதில்: முதலில் அந்தக் கையெழுத்து. வைக்க வேண்டாம்.

இப்படித்தான் ஒருவர், தெரிந்த சங்கம் ஒன்றுக்கு வேன் கொடுத்துவிட்டு என்னிடம் வந்தார். கைமாற்றப் படிவத்தில், அதுதான் அந்த ஓப்பன் பேப்பர், அவருடைய கையெழுத்து மட்டும் இருந்தது. புது உரிமையாளர் பெயரும் இல்லை, திகதியும் இல்லை. அந்த வேன் மூன்று கை மாறி, யாரோ ஓட்டி, யாரையோ இடித்துவிட்டது. பொலிஸ் தேடி வந்தது இவர் வீட்டுக்கு. பதிவில் இருந்தது இவர் பெயர்தானே! கையில் இருந்த ஒரே அத்தாட்சி சங்கம் கொடுத்த நன்றிக் கடிதம். அதில் வாழ்த்து நிறைய இருந்தது, வேனின் இலக்கம் இல்லை.

இலங்கையின் 1951ஆம் ஆண்டு 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்துக்கு விற்பனையும் தானமும் ஒன்றுதான். வாகனம் கைமாறினால் 14 நாட்களுக்குள் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும். எம்.ரி.ஏ. 8 படிவம் உங்களுடைய அறிவித்தல், எம்.ரி.ஏ. 6 புது உரிமையாளரின் விண்ணப்பம். இரண்டையும் முழுதாக நிரப்பி, உங்கள் கண் முன்னால் ஒப்படையுங்கள். இல்லத்தாருக்கு அலைய நேரமில்லை என்றால் நீங்களே கூடப் போங்கள். நாரஹேன்பிட்டியில் ஒரு காலை வேளை வீணாகும், அவ்வளவுதான்.

போகும் முன் சி.ஆர். புத்தகத்தை, அதாவது வாகனப் பதிவுச் சான்றிதழை, எடுத்துப் பாருங்கள். லீசிங் கட்டி முடித்தது வேறு, பதிவிலிருந்து நீக்கியது வேறு. முழு உரிமையாளர் என்ற இடத்தில் லீசிங் கம்பனியின் பெயர் இன்னும் இருந்தால், அதை நீக்காமல் உங்களால் யாருக்கும் கொடுக்க முடியாது. வரிச்சலுகைப் பெர்மிட்டில் இறக்கிய வாகனமா என்பதையும், கைமாற்றத் தடை ஏதும் குறிக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் அதிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்தது, யார் பெயருக்கு? இல்லம் சட்டப்படி ஓர் ஆளாக இருக்க வேண்டும்: பாராளுமன்றச் சட்டத்தால் கூட்டிணைக்கப்பட்டது, அல்லது உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட கம்பனி, இப்படி ஏதாவது. நம்பிக்கைப் பொறுப்பு (ட்ரஸ்ட்) என்றால் பொறுப்பாளர்கள் பெயரில், அந்தத் தகைமையில் வர வேண்டும். "இப்போதைக்குத் தலைவர் பெயருக்கு மாற்றுங்கள்" என்றால் கொஞ்சம் நில்லுங்கள். அது இல்லத்துக்குக் கொடுத்ததாகாது, தலைவருக்குக் கார் வாங்கிக் கொடுத்ததாகிவிடும். 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் இல்லம் பதிவாகியிருக்கிறதா என்றும் கேளுங்கள். நிர்வாகக் குழு தானத்தை ஏற்றுக்கொண்ட தீர்மானத்தின் பிரதி ஒன்றையும் வாங்கிக்கொள்ளுங்கள். நம் நாட்டின் ரோமன்-டச்சுச் சட்டப்படி, ஏற்றுக்கொள்ளப்படாத தானம் தானமே அல்ல.

இனி வரி. மகன் சொல்வது அவர் இருக்கும் நாட்டுச் சட்டம். அதுகூட அவ்வளவு தாராளமில்லை: 500 டொலருக்கு மேல் கழிக்கக் கேட்டால், நிறுவனம் அந்தக் காரை விற்ற தொகைதான் பொதுவாக உச்சவரம்பு. இங்கே 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டம், நோயாளரையும் வறியோரையும் வைத்துப் பராமரிக்கும் அங்கீகரிக்கப்பட்ட தர்ம நிறுவனத்துக்குப் பணமாகக் கொடுத்ததை மட்டுமே கணக்கில் எடுக்கும். காருக்கு ஒன்றும் இல்லை. பணத்துக்கும் எல்லை உண்டு: வரிக்குட்பட்ட வருமானத்தில் மூன்றில் ஒன்று, அல்லது 75,000 ரூபாய், எது குறைவோ அது. ஆகக்கூடிய 36 வீத வரி கட்டுபவருக்கும் மிச்சமாவது 27,000 ரூபாய்தான். அரசாங்கத்துக்குக் கொடுப்பது வேறு கதை. அதைப் பொருளாகக் கொடுத்தாலும் சட்டம் ஏற்கும்.

ஆகவே வரிக்காக இதைச் செய்யாதீர்கள். ஆனால் விற்றுப் பணமாகக் கொடுப்பதை யோசியுங்கள். 2020 மார்ச்சில் நின்ற இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 தொடக்கத்தில்தான் திறந்தது. பழைய வாகனத்துக்கு இங்கே இன்னும் நல்ல கிராக்கி. இல்லத்துக்கோ அந்தப் பற்றரியை மாற்றுவது யானையைக் கட்டித் தீனி போடுவது மாதிரி. அவர்களுக்கு ஆஸ்பத்திரிக்குப் போய்வர வாகனம்தான் தேவை என்றால் சரி, காரையே கொடுங்கள். பற்றரியின் நிலையை மட்டும் மறைக்காமல் தானக் கடிதத்தில் எழுதுங்கள். கராஜில் பரிசோதித்த அறிக்கை இருந்தால் அதையும் இணையுங்கள். உயர் அழுத்த மின்சாரம் ஓடும் வாகனம், தெருமுனை மெக்கானிக் பாஸ் கழற்றிப் பார்க்கிற சாமான் இல்லை.

நிபந்தனை போடலாம், சட்டம் தடுக்கவில்லை. ஆனால் சி.ஆர். புத்தகத்தில் அது ஏறாது. விவரம் தெரியாமல் வாங்கியவரிடமிருந்து காரை மீட்கலாம் என்று நான் உங்களுக்கு வாக்குத் தர மாட்டேன். இல்லத்தின் மேல் வழக்குப் போடலாம். முதியோர் இல்லத்தின் மேல் வழக்குப் போட நீங்கள் தயாரா? இல்லையென்றால் நிபந்தனையை விடுங்கள்.

கையளிக்கும் நாளில் கடிதத்தில் வாகன இலக்கம், செஸி இலக்கம், மீற்றரில் உள்ள கிலோமீற்றர், நேரம் எல்லாம் வரட்டும். பின்னேரம் 4 மணிக்குச் சாவி கைமாறினால் 4 மணி என்றே எழுதுங்கள். காப்புறுதிக் கம்பனிக்கு அன்றே அறிவியுங்கள். உங்கள் பொலிசி காரோடு தானாகப் போகாது. அவர்கள் தங்கள் பெயரில் காப்புறுதி எடுத்த பிறகே சாவியைக் கொடுங்கள். அப்புறம், சார்ஜ் கேபிளை வீட்டில் மறந்துவிடாதீர்கள்.