மேலே கோயில் இல்லாத மலை

"அக்கா, மான்செஸ்டருக்கு வந்து ஐந்து மாதம் ஆகிறது. ஆஸ்பத்திரி வார்டில் யாரைக் கேட்டாலும் லீவுக்கு லேக் டிஸ்ட்ரிக்ட் போகிறேன் என்கிறார்கள். எங்களுக்கும் ஆசைதான். ஆனால் நாங்கள் ஏறிய ஒரே மலை பழனி, அதுவும் படிக்கட்டில். பையனுக்கு 8 வயது, பாப்பாவுக்கு 4. மே மாதம் மாமியார் வேறு வருகிறார், அவருக்கு முழங்கால் வலி. எங்களால் முடிகிற மலை ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்டிருந்தீர்கள்.

தாராளமாக இருக்கிறது, மலையும் ஏரியுமான வட்டாரம்தானே அது. பழனி ஏறியவர்களுக்கு இங்கே பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் பழனி ஏறிய பழக்கம்தான் இங்கே ஒருநாள் எங்களை மாட்டிவிட்டது. அதை அப்புறம் சொல்கிறேன்.

முதலில் உயரத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். ஊட்டி 2,240 மீட்டர். இங்கிலாந்திலேயே உயரமான ஸ்காஃபெல் பைக் 978 மீட்டர்தான். வந்த புதிதில் என் வீட்டுக்காரர் இதைப் படித்துவிட்டு, "இதுக்குப் பேரு மலையா?" என்று சிரித்தார். ஊட்டிக்கு நம்மை ஏற்றிவிட்டது பஸ் என்பது அவருக்கு அப்போது நினைவில்லை. இங்கே ஏரிக்கரையிலிருந்து ஒவ்வொரு மீட்டரும் உங்கள் காலால் ஏற வேண்டியது. படிக்கட்டு கிடையாது, கைப்பிடிக் கம்பி கிடையாது, பாதி வழியில் சுக்குக் காபி விற்கிறவர் கிடையாது. கல், சேறு, ஆடு, காற்று. அவ்வளவுதான்.

உங்கள் முதல் மலை ஆரெஸ்ட் ஹெட் ஆக இருக்கட்டும். 238 மீட்டர். ஆக்சன்ஹோமில் வண்டி மாறி விண்டர்மியரில் இறங்கினால், நிலையத்துக்கு எதிரே ரோட்டைத் தாண்டியதுமே வழிகாட்டிப் பலகை இருக்கிறது. காட்டுக்குள் வளைந்து வளைந்து போகும் பாதை. பெரியவர்களுக்கு அரை மணி நேரம், உங்கள் பாப்பா ஒவ்வொரு குச்சியையும் பொறுக்கிக்கொண்டு வந்தால் ஒரு மணி நேரம். மரங்கள் முடிந்து மேலே வந்ததும் விண்டர்மியர் ஏரி நீளமாக விரிந்து கிடக்கும், அதற்குப் பின்னால் மலை மலையாக அடுக்கி வைத்திருக்கும். உட்கார பெஞ்ச் இருக்கிறது.

1930-இல் பிளாக்பர்னிலிருந்து ஒரு வாரம் விடுமுறைக்கு வந்த 23 வயது கிளார்க் ஒருவர் முதன்முதலாக ஏறியது இந்தக் குன்றைத்தான். பெயர் ஆல்ஃபிரட் வெயின்ரைட். அந்தக் காட்சியைப் பார்த்த பிறகு அவருக்கு வேறு ஊர் பிடிக்கவில்லை. கெண்டலுக்கு வேலை மாற்றிக்கொண்டு வந்து, இந்த வட்டாரத்தின் 214 மலைகளையும் நடந்து, கையாலேயே எழுதி வரைந்து வழிகாட்டி நூல்கள் போட்டார். உங்கள் வார்டில் யாராவது "இதுவரை முப்பது வெயின்ரைட் முடித்துவிட்டேன்" என்றால் அந்தக் கணக்குதான். அவரை இங்கே இழுத்துவந்த இந்தக் குன்று அந்த 214-இல் இல்லை என்பது தனி வேடிக்கை.

ரயிலில் போவதானால் ஃபேமிலி அண்ட் ஃப்ரெண்ட்ஸ் ரயில்கார்டு எடுத்துவிடுங்கள். பெரியவர்களுக்கு மூன்றில் ஒரு பங்கும், பிள்ளைகளுக்கு 60 சதவீதமும் குறையும். 5 வயதுக்குள் இருக்கிற பாப்பாவுக்கு எப்படியும் டிக்கெட் வேண்டாம். காரில் போவதானால், நம் ஊர் லைசென்ஸில் இங்கே 12 மாதம் ஓட்டலாம் என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும். ஆனால் அங்கே பல ரோடுகளில் ஒரு வண்டி போனால் எதிர் வண்டிக்கு இடமில்லை. இரண்டு பக்கமும் கற்சுவர். எதிரே டிராக்டர் வந்தால் நீங்கள்தான் ரிவர்ஸ் எடுக்க வேண்டியிருக்கும். மே கடைசி வாரம் பள்ளிகளுக்கு ஹாஃப் டெர்ம் விடுமுறை வேறு. காலை ஒன்பதரைக்குள் கார் பார்க்கில் இல்லையென்றால் மலை ஏறுவதைவிட பார்க்கிங் தேடுவதில் நேரம் போய்விடும்.

உங்கள் மாமியாருக்கு டார்ன் ஹவ்ஸ். மலை இல்லை, மலைகளுக்கு நடுவே ஒரு சின்ன ஏரி. அதைச் சுற்றி மூன்று கிலோமீட்டருக்குள் நல்ல பாதை, குழந்தையை வைத்துத் தள்ளும் புஷ்சேர்கூடப் போகும். இயற்கையாக அமைந்த ஏரி போலத்தான் தெரியும். ஆனால் 19-ஆம் நூற்றாண்டில் நிலத்துக்காரர் அணை கட்டிச் சின்னச் சின்னக் குட்டைகளை ஒன்றாக்கியது அது. முழங்கால் வலிக்காரர்களுக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் தொந்தரவு என்பதை மறக்காதீர்கள். மேலே போகும்போது "வலியே இல்லை" என்பார், திரும்பும்போது முகம் மாறிவிடும்.

அவரையும் உச்சியில் நிற்கவைத்துப் போட்டோ எடுக்க வேண்டும் என்றால் கெஸ்விக் பக்கம் லாட்ரிக் இருக்கிறது. 368 மீட்டர். ஊரிலிருந்து ஏறினால் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். மலைக்குப் பின்பக்கம் மேலேயே ஒரு சின்ன கார் பார்க் இருக்கிறது. அங்கே வண்டியை விட்டால் மிச்ச ஏற்றம் நூறு மீட்டருக்கும் குறைவு, பாதையும் மெத்தென்று இருக்கும். கீழே கெஸ்விக், அதை ஒட்டி டெர்வென்ட்வாட்டர் ஏரி. உழைக்காமல் கிடைத்த காட்சி என்று எனக்கே கொஞ்சம் கூச்சமாக இருக்கும். இருக்கட்டும், மாமியார் சந்தோஷப்பட்டால் போதாதா?

பையனுக்குப் பிடிக்கப்போவது லஃப்ரிக். 335 மீட்டர்தான், ஆனால் குட்டி மலைக்குள் எல்லாம் இருக்கிறது. ரைடல் பக்கமிருந்து போனால் வழியில் ஒரு பெரிய குகை வரும். பழைய ஸ்லேட் கல் குவாரி அது. உள்ளே தண்ணீர் தேங்கியிருக்கும், வரிசையாகப் போட்ட கல்லில் தாவித் தாவி நாங்கள் உள்ளே போனோம். என் பெண் அங்கேயே ஒரு மணி நேரம் கத்திக் கத்தி எதிரொலி கேட்டுக்கொண்டிருந்தாள். அதைத் தாண்டினால் லஃப்ரிக் டெரஸ் என்று மலை இடுப்பில் ஒரு பாதை, கீழே கிராஸ்மியர் ஏரி. உச்சிக்குப் போகாமல் இந்தப் பாதையோடு திரும்பினாலும் நாள் நிறைந்துவிடும். 555 பஸ் இந்த வழியாகத்தான் போகிறது, அதனால் கார் தேவையில்லை. கிராஸ்மியரில் 1854-இலிருந்து ஒரே இடத்தில் விற்கிற ஜிஞ்சர்பிரெட் ஒன்று உண்டு. இஞ்சி காரம் நன்றாகவே தெரியும், நம் நாக்குக்குப் பிடிக்கும்.

இப்போது அந்தக் கதை. கேட்பெல்ஸ் என்று ஒரு மலை, 451 மீட்டர். எல்லாப் பட்டியலிலும் "குடும்பத்துக்கு ஏற்றது" என்று போட்டிருப்பார்கள். பொய்யில்லை. ஆனால் இரண்டு இடத்தில் வெறும் பாறை. கையையும் ஊன்றித்தான் ஏற வேண்டும். போதாததற்கு, முதலில் உச்சி மாதிரி தெரிகிற இடம் உச்சியில்லை. அங்கே போய் நின்றால் உண்மையான உச்சி இன்னும் தள்ளி எழுந்து நிற்கும்.

நாங்கள் போனது நவம்பர் தொடக்கத்தில். கெஸ்விக்கிலிருந்து படகில் வந்து மலையடிவாரத்து ஹாஸ் எண்டில் இறங்கினோம். மூவரும் ஜீன்ஸ். மதியம் ஒரு மணிக்கு ஏற ஆரம்பித்தோம், ஊரில் காலைச் சாப்பாடு முடித்து நிதானமாகக் கிளம்புவோமே, அப்படி. அந்தப் பொய் உச்சியில் என் பெண், அப்போது அவளுக்கு ஆறு வயது, உட்கார்ந்துவிட்டாள். தூறல் வேறு. திரும்பியிருக்க வேண்டும். ஆனால் எங்களுக்கு மலை என்றால் மேலே முருகன் இருக்கிறார். திண்டுக்கல்காரர்கள் நாங்கள், பாதிப் படியில் திரும்பினால் வீட்டில் கேட்க மாட்டார்களா? "இன்னும் கொஞ்சம்தான் செல்லம்" என்று அவளை இழுத்துக்கொண்டு போனோம். மேலே என்ன இருந்தது? காற்று. ஏரி இருந்த திசையில் வெள்ளையாக மூடுபனி. "சாமி எங்கே?" என்று அவள் கேட்டதுகூட நினைவிருக்கிறது.

இறங்கும்போது ஈரப் பாறையில் பின்பக்கமாக ஒவ்வொரு காலாக வைத்து, கடைசிப் படகைத் தவறவிட்டு, நாலரை மணிக்கெல்லாம் இருட்டிவிட்ட பாதையில் போன் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு கெஸ்விக் வரை நடந்தோம். நான்கு கிலோமீட்டருக்கு மேல். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அடுத்த ஒன்றரை வருடம் எங்கள் வீட்டில் யாரும் மலைப் பேச்சே எடுக்கவில்லை.

அதே கேட்பெல்ஸை ஜூன் மாதத்தில் காய்ந்த பாறையில் ஏறினால் அருமையான மலை, அதையும் சொல்லிவிடுகிறேன். அப்போது இரவு ஒன்பதரைக்கு மேல்தான் சூரியன் மறையும். பையனுக்கு அடுத்த வருடம் வைத்துக்கொள்ளுங்கள். பாப்பாவுக்கு இன்னும் இரண்டு வருடம் போகட்டும். அங்கே உச்சியில் கும்பிட எதுவும் இல்லை, கல் குவியல்கள்தான் பல மலைகளில். அதனால் எங்கே பிடிக்கவில்லையோ அங்கேயே டப்பாவைத் திறந்து சாப்பிட்டுவிட்டுத் திரும்பலாம். நாங்கள் இப்போது அப்படித்தான் செய்கிறோம்.

மழை பற்றி. டெர்வென்ட்வாட்டருக்குத் தெற்கே சீத்வெயிட் என்று ஒரு குக்கிராமம், வருடத்துக்குச் சுமார் 3,500 மில்லிமீட்டர் பெய்யும். சென்னைக்கு 1,400. சில கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கெஸ்விக்கில் அதில் பாதிகூடப் பெய்யாது. அதனால் போனில் ஊர்ப் பெயரைப் போட்டு வெயில் படத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்பாதீர்கள். லேக் டிஸ்ட்ரிக்ட் வெதர்லைன் என்று தனியாக மலைக்கான முன்னறிவிப்பு இருக்கிறது. குளிர்காலத்தில் அவர்கள் ஆள் ஒருவர் தினமும் 950 மீட்டர் ஹெல்வெலின் மலை ஏறிப்போய் மேலே பனி எப்படி, காற்று எப்படி என்று பார்த்து எழுதுகிறார். அந்த வேலைக்குச் சம்பளமும் உண்டு. சொன்னால் ஊரில் நம்ப மாட்டார்கள்.

ஜீன்ஸ் வேண்டாம். நனைந்தால் காயாது, குளிர் எலும்பில் ஏறும். பிள்ளைகளுக்கு பூட்ஸ் புதிதாக வாங்காதீர்கள், ஆறு மாதத்தில் கால் வளர்ந்துவிடும்; மலையடிவார ஊர்களின் சாரிட்டி கடைகளில் ஒரு தடவை போட்டதெல்லாம் கிடைக்கும். மேலுக்கு நல்ல வாட்டர்ப்ரூஃப் ஜெர்கின், இதில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. காலில் பாதி மூடுகிற அளவுக்குப் பெரணிச் செடி இருக்கும் இடங்களில் உண்ணி ஒட்டும். அதனால் லைம் நோய் வரலாம். இரவு குளிப்பாட்டும்போது முழங்கால் மடிப்பு, அக்குள், காதுக்குப் பின்னால் பார்த்துவிடுங்கள். நீங்கள் நர்ஸ், மற்றதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

சாப்பாடு: எலுமிச்சை சாதம், புளியோதரை எல்லாம் நன்றாகத் தாங்கும். ஆனால் ஸ்பூன் எடுத்துப்போங்கள். காற்றில் விரல் மரத்துப்போய்க் கையால் பிசைந்து சாப்பிட முடியாமல் நாங்கள் மூவரும் பரிதாபமாக உட்கார்ந்திருக்கிறோம். பொடி தடவிய இட்லிதான் என் முதல் சிபாரிசு. மலையில் கழிப்பறை கிடையாது, ஏறுவதற்கு முன் எல்லோரையும் போய்வரச் சொல்லிவிடுங்கள். பாப்பா பத்தாவது நிமிடம் கேட்பாள், அது வேறு விஷயம்.

ஆட்டுக் கிடைக்கு வழிவிடும் கேட்டைத் திறந்தால் திரும்பச் சாத்துங்கள். மே மாதத்தில் குட்டிகள் துள்ளிக்கொண்டிருக்கும். ஹெர்ட்விக் என்று ஒரு இனம், குட்டி கறுப்பாகப் பிறந்து வளர வளரச் சாம்பலாகும். எதிரே வருகிறவர்கள் எல்லோரும் "ஹலோ" சொல்வார்கள். பல நாள் அந்தப் பாதையில் நம் நிறத்தில் நாம் மட்டும்தான் இருப்போம். முதலில் எனக்கு ஒரு மாதிரி இருந்தது, இப்போது நானே முந்திக்கொண்டு சொல்லிவிடுகிறேன்.

ஆபத்து என்றால் 999 அடித்து, போலீஸ் கேட்டு, பிறகு மவுன்டன் ரெஸ்க்யூ வேண்டும் என்று சொல்லுங்கள். வருகிறவர்கள் தன்னார்வலர்கள், காசு கேட்க மாட்டார்கள். சில பள்ளத்தாக்குகளில் சிக்னல் இருக்காது, அதனால் ஒரு விசிலை பையன் கழுத்தில் மாட்டிவிடுங்கள். நிமிடத்துக்கு ஆறு தடவை ஊதினால் உதவி வேண்டும் என்று அர்த்தம். அதை அவன் சும்மா ஊதிப் பார்க்கக் கூடாது என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.

மே மாதம் தேதி முடிவானதும் எழுதுங்கள் தங்கச்சி. நாங்களும் ஆரெஸ்ட் ஹெட்டுக்கு வரலாம், நாங்கள் பிரெஸ்டனில்தான் இருக்கிறோம், வழியில்தான். உங்கள் மாமியாரின் கால் அளவு என்ன? என்னிடம் 5-ஆம் எண் பூட்ஸ் ஒரு ஜோடி சும்மா கிடக்கிறது.