மலாய் கம்பத்து வீட்டில் எந்தப் படியில் ஏறுவது?

கூட வேலை செய்யும் மலாய்க்காரரின் கம்பத்து (மலாய்க் கிராமத்து) வீட்டுக்குப் போனேன், வாசலில் கூப்பிட்டும் யாரும் வரவில்லை, பின்பக்கம் போய் எட்டிப் பார்த்ததும் வீட்டார் முகமே மாறிவிட்டது, என்ன தப்பு என்று கேட்டிருக்கிறீர்கள். தம்பி, தப்பு அந்தப் பின்பக்கம்தான்.

தூண்மேல் நிற்கும் பழைய மலாய் மரவீட்டில் காற்றோட்டத்துக்காக உள்சுவர்கள் குறைவு. மதில், வேலியும் பெரும்பாலும் கிடையாது. மறைப்பு வேலையைப் படிக்கட்டும் தரைமட்டமும்தான் பார்க்கின்றன. முன்படி ஏறினால் 'அஞ்சோங்' எனும் முகப்பு, அடுத்து 'செராம்பி' எனும் நீளத் திண்ணை. ஆண் விருந்தாளிக்கு அதுவரைதான் இடம். அதைவிடச் சற்று உயர்ந்த தரை 'ருமா இபு'; குடும்பம் படுத்துறங்கும் இடம். கூப்பிடாமல் அதில் கால் வைக்கக் கூடாது.

அதற்குப் பின்னால், தாழ்ந்த தரையில் சமையல்கட்டு. இரண்டையும் சேர்க்கும் நடை 'செலாங்'. அங்கே இன்னொரு படி இருக்கும். வீட்டுப் பெண்களும் அவர்களைப் பார்க்க வரும் பெண்களும் புழங்கும் வழி அது. வெளி ஆண் வரமாட்டான் என்ற நம்பிக்கையில் அங்கே தலைத்துணி இல்லாமல் இருப்பார்கள். நீங்கள் எட்டிப் பார்த்தது அந்த இடத்தைத்தான்.

அடுத்தமுறை முன்படிக்குக் கீழே, கதவுக்கு நேராக இல்லாமல் ஒதுங்கி நில்லுங்கள். முஸ்லிம்கள் சலாம் சொல்வார்கள். நீங்கள் பிற்பகலில் போனால் 'செலாமாட் பெத்தாங்' (மாலை வணக்கம்) என்றால் போதும். இடைவெளி விட்டு மூன்று முறை. பதில் வராவிட்டால், உள்ளே நடமாட்டம் கேட்டாலும், திரும்பிவிடுங்கள். கேட்கவில்லையோ என்று கத்த வேண்டாம். செராம்பியின் சன்னல் பல வீடுகளில் தரையிலிருந்தே தொடங்கும், கீழ்ப்பாதியில் மரக்கிராதி. தரையில் உட்கார்ந்திருப்பவருக்கும் வாசல் தெரியும், நீங்கள் நிற்பதைப் பார்த்திருப்பார்கள். ஆண்கள் வீட்டில் இல்லாதபோது பதில் சொல்லாமல் இருந்துவிடுவதும் உண்டு, அது அவமதிப்பு இல்லை.

வெயிலுக்கு ஒதுங்குகிறேன் என்று வீட்டுக்கு அடியில் நுழையாதீர்கள். பலகைத் தரையில் இடுக்கு இருக்கும். மேலே பேசுவது அப்படியே கீழே கேட்கும், அண்ணாந்தால் கண்ணுக்கும் தெரியும். மேலே இருப்பவர்களுக்குக் கூச்சமாக இருக்கும்.

ஏறச் சொன்னால் செருப்பைக் கீழேயே விடுங்கள். படியோரம் தண்ணீர்ச் சாடி இருந்தால் கால் கழுவிக்கொள்ளுங்கள். மனைவியோடு போனால் அவரை உள்ளே அழைத்துப்போவார்கள், பின்னாலேயே போகாதீர்கள். கழிப்பறை பெரும்பாலும் சமையல்கட்டுப் பக்கம் இருக்கும். வீட்டு ஆணிடம் கேளுங்கள். அவர் உள்ளே குரல் கொடுத்து, பெண்கள் ஒதுங்கிய பிறகு கூட்டிப்போவார். அதுவரை எழுந்திருக்க வேண்டாம்.

நண்பரிடம் நாளைக்கே 'மிந்தா மாஆஃப்' என்று மன்னிப்புக் கேட்டு, வழக்கம் தெரியாமல் போனதைச் சொல்லிவிடுங்கள்.