அரைப்புள்ளிக் காலம்

அன்புள்ள அண்ணா,
2002, 2003இல் நாங்கள் இணையத்தில் எழுதியபோது முப்பது பேர்கூட இல்லை. ஒருவர் ஒரு கிழமை எழுதாவிட்டால் சுகமில்லையா என்று மற்றவர் கேட்பார். இன்றைக்கு முகநூலில் எனக்கு நாலாயிரம் பேர். மூன்று மாதம் ஆஸ்பத்திரியும் வீடுமாகக் கிடந்தேன், ஒருவரும் தேடவில்லை. காலம் கெட்டுவிட்டதா, எனக்கு வயசு போய்விட்டதா?
(மட்டக்களப்பிலிருந்து ஒரு வாசகர்)

அன்புள்ள தம்பி,

வயசு இரண்டு பேருக்கும் போய்விட்டது. ஆனால் அன்றைக்கு எல்லாரும் நல்லவர்களாக இருந்தோம் என்று மட்டும் சொல்லாதீர். ஒரு சந்திப் பிழைக்காக இரண்டு பேர் ஒரு மாதம் கதைக்காமல் இருந்ததை நான் மறக்கவில்லை.

என் கணக்கில் அன்றைய நெருக்கத்துக்குக் காரணம் எழுத்துரு. திருகோணமலையில் நான் போன நெட் கஃபேயில் விண்டோஸ் 98தான். யூனிகோட் தமிழ் ஒழுங்காகத் தெரிய விண்டோஸ் 2000, எக்ஸ்பி எல்லாம் வரவேண்டியிருந்தது. அதுவரை ஒருவர் பாமினி எழுத்துருவில் எழுதுவார், இன்னொருவர் டிஸ்கி என்ற வேறு குறியாக்கத்தில் எழுதுவார், எழுத்துரு இல்லாவிட்டால் முதலாவது வெறும் ஆங்கில எழுத்துக் குவியல், புள்ளி வரவேண்டிய இடமெல்லாம் அரைப்புள்ளி (;). மற்றது தொப்பி போட்ட ஐரோப்பிய எழுத்துகள். ஆகவே புதிதாக வருகிறவர் முதலில் கேட்பது 'ஒன்றும் தெரியவில்லை, என்ன செய்ய' என்றுதான். யாரோ பொறுமையாகச் சொல்லிக்கொடுப்பார், பழக்கம் அங்கேயே பிடித்துவிடும். உதவி கேட்காமல் உள்ளே வரவே முடியாது. பழந்தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தர 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில் எங்கெங்கோ இருந்தவர்கள் சம்பளமில்லாமல் பழைய நூல்களைத் தட்டச்சு செய்து பிழை திருத்தியதும் இதே காலத்துப் பழக்கம்தான்.

அதற்காக அந்தக் கஷ்டம் திரும்பி வரவேண்டும் என்று சொல்லமாட்டேன். மூதூரில் இருக்கும் என் மச்சாளுக்கு அப்போது போன் இணைப்பே கிடையாது. இப்போது கைபேசியில் தமிழிலேயே வடிவாக எழுதுகிறா.

2004 டிசம்பர் 26 சுனாமியில் உவர்மலை மேட்டில் இருந்ததால் நாங்கள் தப்பினோம். கிண்ணியாவும் நிலாவெளியும் கிடந்த கிடையில் மின்னஞ்சல் ஞாபகமே வரவில்லை. நாலாம் நாள் நெட் கஃபேக்குப் போனால் 23 மடல். அதில் ஒன்று, வெண்பாவுக்காக என்னோடு சண்டை பிடித்த, முகமே தெரியாத ஒருவர்: 'அண்ணை, ஒரு புள்ளியாவது போட்டு அனுப்புங்கோ.' கடையில் பின்னால் ஆட்கள் நின்றார்கள், அவசரத்தில் பாமினிப் பழக்கத்தில் ஒரு புள்ளி அடித்து அனுப்பினேன். போனது அரைப்புள்ளி. அவருக்கு விளங்கிவிட்டது.

சரி, மூன்று மாதம் என்ன வருத்தம் உமக்கு? அதை ஒரு வரிகூட எழுதவில்லையே. இப்போது நடக்கிறீரா?