மேடை கேள்வி–பதில்: வேஷம் கட்டினால் போதுமா?

ஒரே பாத்திரமாக மேடையேறி, கடைசிவரை அந்த ஆளாகவே நின்று சிரிக்க வைக்கும் தனிநபர் நகைச்சுவை பற்றி கடலூர், புதுவை வாசகர்கள் கேட்டவை.

கடலூர்–புதுச்சேரி பஸ் கண்டக்டராக வேஷம் கட்டி ஐந்து நிமிடம் பேசினால் அரங்கம் அதிர்கிறது. இருபது நிமிடமாக நீட்டினால் எட்டாவது நிமிடத்தில் எல்லோரும் செல்போனை எடுத்துவிடுகிறார்கள். என்ன கோளாறு? (முத்தியால்பேட்டை)

ஐந்து நிமிடத்துக்கு விசில், தோல்பை, "உள்ள போ, உள்ள போ" போதும். அது மிமிக்ரி. அதற்குமேல் போனால் ஜனங்கள் அந்த ஆளைத் தேடுவார்கள். அவருக்கு ஓர் அசட்டு நம்பிக்கையைக் கொடுங்கள். பஸ்ஸை ஓட்டுவதே தான்தான், டிரைவர் தனக்கு எடுபிடி என்று மனதார நம்புகிறார் என வையுங்கள். டிக்கெட்டின் பின்னால் மீதி மூன்று ரூபாய் என்று எழுதித் தருவதுகூட அவருக்கு ரசிகனுக்கு ஆட்டோகிராஃப் போடுகிற மாதிரிதான். சில்லறை கேட்கிறவர் மேல் அவருக்கு வருவது கோபமில்லை, வருத்தம்.

ஆஸ்திரேலியாவின் நகைச்சுவை நடிகர் பாரி ஹம்ஃப்ரீஸ் 1955இல் பெண்வேஷம் கட்டி மேடையேற்றிய எட்னா எவரேஜ், மெல்போர்ன் புறநகரின் சாதாரண இல்லத்தரசி. 'டேம்' (ஆண்களுக்குத் தரும் 'சர்' போன்றது) பட்டமும் மினுமினுக்கும் கண்ணாடியும் பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டவை. அரை நூற்றாண்டு தாண்டியும் அந்த அம்மாள் அலுக்காததற்கு, தன் பெருமையில் அவருக்கு இருந்த அசையாத நம்பிக்கைதான் காரணம் என்போம்.

பயிற்சி ஒன்று. காலையில் என்ன சாப்பிட்டார், யாருக்குப் பயப்படுகிறார், வீட்டில் என்ன பொய் சொல்கிறார் என்று இருபது கேள்விகளைச் சீட்டில் எழுதி நண்பரிடம் கொடுங்கள். அவர் கலைத்துப்போட்டுக் கேட்க வேண்டும். நீங்கள் மூன்று விநாடிக்குள் கண்டக்டராகவே பதில் சொல்ல வேண்டும். எங்கே விழிக்கிறீர்களோ அங்கே பாத்திரம் காலி. அந்த இடத்தை நிரப்பாமல் புது ஜோக் எழுதிப் பயனில்லை.

இன்னொன்று: விசிலை மைக் முன்னால் ஊதாதீர்கள். ஒலிக்காரர் பயந்துபோய் சத்தத்தைக் குறைத்துவிடுவார், அடுத்த வசனம் யாருக்கும் கேட்காது. மைக்கை இடுப்புக்கு இறக்கி, முகத்தைத் திருப்பி ஊதுங்கள்.

ஒட்டுமீசை பாதியில் கழன்று தொங்குகிறது. நல்ல ஸ்பிரிட் கம்தான் வாங்கினேன். (பண்ருட்டி)

கம் மேல் பழி போடாதீர்கள். நம் கடலோரப் புழுக்கத்தில் மேலுதடுதான் முதலில் வியர்க்கும். மீசை ஒட்டுகிற இடத்தை வழித்துக்கொள்ளுங்கள். பவுண்டேஷன் போடுவதற்கு முன்பே, அந்த இடத்தை எண்ணெய்ப் பிசுக்கில்லாமல் துடைத்து உலர விடுங்கள். கம்மை மெல்லிசாக ஒரே பூச்சு பூசி, விரல் நுனியால் தட்டிக்கொண்டே இருங்கள். நூல் இழுக்கிற பதம் வந்ததும் மீசையை வைத்து, ஈரத் துணியால் அரை நிமிடம் அழுத்துங்கள். ஈரமாக இருக்கும்போதே ஒட்டினால் வழுக்கும். அநேகமாக நீங்கள் செய்வது இதுதான்.

மீசையை மூக்குக்கு நேர்கீழே இரண்டாக வெட்டி, இரு துண்டாக ஒட்டினால் உதடு தாராளமாக அசையும். சிரிக்கும்போது கன்னம் மடிகிற கோடுவரை நீட்ட வேண்டாம். முதல் நாளே முழங்கை மடிப்பில் ஒரு சொட்டு வைத்து அரிப்பு வருகிறதா என்று பாருங்கள். இவ்வளவுக்குப் பிறகும் மேடையில் கழன்றால், மறைக்கப் பார்க்காதீர்கள். பிடுங்கி பாக்கெட்டில் போட்டு, "டூட்டி முடிஞ்சா கழட்டிடுவேன்" என்று கண்டக்டராகவே சொல்லுங்கள்.

ஃப்ரிஞ்ச் விழா என்கிறார்களே, அதற்கு யார் தேர்ந்தெடுப்பார்கள்? (நெல்லிக்குப்பம்)

ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் யாரும் தேர்ந்தெடுப்பதில்லை. 1947இல் அங்கே பெரிய கலைவிழா நடந்தபோது, அழைப்பில்லாத எட்டு நாடகக் குழுக்கள் அந்த விழாவின் ஓரத்தில் (ஃப்ரிஞ்ச் என்றால் ஓரம்) தாங்களே இடம் பிடித்து நடத்தியதில் பிறந்தது அது. இன்றும் பதிவுக் கட்டணம் கட்டி, ஏதாவதோர் அரங்கு இடம் கொடுத்தால் நீங்களும் கலைஞர். ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு ஃப்ரிஞ்சும் அப்படியே.

எடின்பரோ விழா ஆகஸ்டில் மூன்று வாரத்துக்கு மேல் நடக்கும். ஒருவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒரு மணி நேரம். கூட்டம் இறங்கி ஏற நேரம் வேண்டுமென்பதால் நிகழ்ச்சி அதற்குச் சற்று முன்பே முடிந்துவிட வேண்டும். ஆகவே உங்கள் சாமான் மொத்தமும் ஒரு பெட்டியில் அடங்க வேண்டும். டிக்கெட் இல்லாத 'இலவச ஃப்ரிஞ்ச்' அரங்குகளும் உண்டு: மதுக்கடைப் பின்னறையில் ஆடிவிட்டு, முடிவில் வாசலில் வாளி ஏந்தி நிற்பார்கள். நம் கூத்தில் தட்டு ஏந்துவதுபோலத்தான், கூச்சம் வேண்டாம். கையைக் கடிப்பது அறை வாடகை. அந்த மாதத்தில் அது எக்கச்சக்கமாக ஏறிவிடும்.

அதற்கு முன் இங்கேயே பத்து முறையாவது முழு நிகழ்ச்சியையும் நடத்திப் பாருங்கள். முப்பது நாற்காலி போடக்கூடிய மாடி போதும். ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் திறந்த மாடிக்கு முன்பணம் கொடுத்துவிடாதீர்கள்.

பார்வையாளர் குறுக்கே கத்தினால் நானாகப் பதில் சொல்வதா, பாத்திரமாகவா? (தேவனாம்பட்டினம்)

பாத்திரமாகத்தான். தெருக்கூத்தில் கட்டியக்காரனைப் பாருங்கள். ராஜா கொலுவில் நிற்கும்போதே முன்வரிசைத் தாத்தாவை வம்புக்கிழுப்பான், உள்ளூர் ரேஷன் கடையைப் பேசுவான், ஆனால் கட்டியக்காரனாகவே இருப்பான். கத்தினவர் சொன்னதை ஒருமுறை உரக்கத் திருப்பிச் சொல்லுங்கள். பின்வரிசைக்கும் கேட்கும், உங்களுக்கு யோசிக்க நேரமும் கிடைக்கும். யாராவது மயங்கி விழுந்தால் மட்டும் வேஷத்தை விட்டு வெளியே வாருங்கள். தொப்பியைக் கழற்றிவிட்டுப் பேசினால்தான் விளையாட்டில்லை என்று நம்புவார்கள்.