புது லென்ஸ் இருக்கட்டும், முதலில் வெளிச்சத்தைப் பாருங்கள்

கேள்வி: 18-55 கிட் லென்ஸோடு கேமரா வாங்கி ஒரு வருடம் ஆகிறது. பொழுதுபோக்காகத்தான் எடுக்கிறேன். படங்கள் ரொம்பச் சாதாரணமாக வருகின்றன. நல்ல லென்ஸ் வாங்கினால் சரியாகுமா? வேறு எளிய வழி உண்டா?

லென்ஸ் இப்போதைக்கு வேண்டாம். கேமராவோடு சேர்ந்தே வரும் இந்தக் கிட் லென்ஸைப் பலரும் இளக்காரமாகப் பேசுவார்கள். ஆனால் நல்ல வெளிச்சத்தில் எஃப் 8 (லென்ஸ் துளையின் அளவு, எண் குறையக் குறையத் துளை பெரிதாகும்) வைத்து எடுத்தால், அந்தப் படத்தையும் விலை உயர்ந்த லென்ஸில் எடுத்த படத்தையும் போன் திரையில் பிரித்துச் சொல்வது கஷ்டம். படம் சப்பென்று இருந்தால் நான் முதலில் சந்தேகப்படுவது வெளிச்சத்தைத்தான். கேமராவை எடுப்பதற்கு முன் வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, எதன் மேல் விழுகிறது என்று பாருங்கள். இந்த ஒரு பழக்கம் வந்தாலே பாதி வேலை முடிந்தது.

ஆட்களை எடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நம் ஊர் மதிய வெயில் உச்சந்தலையில் இறங்கும். கண்குழி கறுத்துவிடும், மூக்கின் நிழல் மீசை மாதிரி விழும், நெற்றி பளபளக்கும். எந்த லென்ஸாலும் இதைச் சரிசெய்ய முடியாது. ஆளை நாலடி நகர்த்தித் திண்ணையிலோ வாசற்படிக்குச் சற்று உள்ளேயோ நிற்கவைத்து, முகம் வெளியே பார்க்கும்படி எடுங்கள். அதே மதியம், அதே முகம், ஆனால் வெளிச்சம் மென்மையாகிவிடும். வீட்டுக்குள் என்றால் ஜன்னலோரம். டியூப்லைட்டை அணைத்துவிடுங்கள், ஜன்னல் வெளிச்சமும் பல்பு வெளிச்சமும் கலந்தால் முகத்தில் ஒரு பக்கம் நீலம், மறுபக்கம் மஞ்சள் என்று ஆகிவிடும். ஜன்னலுக்கு எதிர்ப்பக்கக் கன்னம் இருட்டாக இருந்தால் அந்தப் பக்கம் ஒரு வெள்ளைத் தெர்மாகோல் பலகையை யாராவது பிடித்துக்கொண்டு நின்றால் போதும். சினிமா ஷூட்டிங்கிலும் இதையே பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள்.

அதிகாலையும் அந்தியும்தான் படம் எடுக்கும் நேரம் என்று எல்லோரும் சொல்வார்கள். பாதி உண்மைதான். மாமல்லபுரத்தில் அர்ச்சுனன் தபசு இருக்கிறதே, அது கிழக்கு பார்த்த பாறை. விடிந்ததும் வெயில் நேராக அதன் முகத்தில் விழும். நிறம் அருமையாக இருக்கும், ஆனால் சிற்பங்கள் தட்டையாகத் தெரியும். வெயில் ஏறி மேலிருந்து சரிவாக இறங்கும்போதுதான் யானையின் வயிற்றுக்குக் கீழும் முனிவரின் தாடிக்குக் கீழும் நிழல் விழுந்து புடைப்பு எடுத்துக்காட்டும். மதியம் சாய்ந்துவிட்டால் பாறை முழுக்க நிழலுக்குள் போய்விடும். ஆக, முகத்துக்கு ஆகாத வெயில் கல்லுக்கு ஆகும். ஒரே இடத்துக்கு வேறு வேறு நேரத்தில் போய்ப் பாருங்கள். உங்கள் தெருவே போதும், மாமல்லபுரம் வரை போக வேண்டியதில்லை.

அடுத்தது கேமராவின் கணக்கு. எதை நோக்கிப் பிடித்தாலும் அது நடுத்தரச் சாம்பல் நிறம் என்றே கேமரா நினைத்துக்கொள்ளும். அதனால்தான் படம் நிறைய வெள்ளை வேட்டி சட்டையாக இருந்தால் வெள்ளை மங்கி அழுக்காகத் தெரிகிறது. இருண்ட மேடையில் ஆடும் பெண்ணின் முகம் வெளுத்துப்போகிறது. கூட்டல் கழித்தல் குறி போட்ட ஒரு பட்டன் கேமராவில் இருக்கும். வெள்ளை நிறைய இருந்தால் கூட்டல் 1, கறுப்பு நிறைய இருந்தால் கழித்தல் 1 என்று வைத்து எடுத்துப் பாருங்கள். எல்லா அளவையும் நாமே வைக்கும் முழு மேனுவலுக்குப் போகாமலே இவ்வளவு செய்யலாம். மேனுவலில் எடுப்பதுதான் வீரம் என்று சிலர் பேசுவதை நான் கண்டுகொள்வதே இல்லை.

படம் கலங்கலாக வருகிறது என்பவர்களில் பலர் ஃபோகஸைக் குறை சொல்வார்கள். பெரும்பாலும் குற்றவாளி ஷட்டர் வேகம், அதாவது ஒரு படத்துக்குக் கேமரா எவ்வளவு நேரம் வெளிச்சத்தை உள்ளே விடுகிறது என்பது. இரவு ஹாலில் 55-க்கு ஜூம் செய்தால் கிட் லென்ஸ் எஃப் 5.6-க்கு மேல் திறக்காது. ஐஎஸ்ஓ-வை, அதாவது வெளிச்சத்தை உணரும் அளவை, குறைவாக வைத்திருந்தால் கேமரா 1/30 வினாடிக்கு இறங்கிவிடும். அதற்குள் குழந்தை தலையைத் திருப்பியிருக்கும். ஓடியாடும் பிள்ளைகளுக்குக் குறைந்தது 1/250 வினாடி வேகம் வேண்டும். ஐஎஸ்ஓ-வைத் தயங்காமல் 3200-க்கு ஏற்றுங்கள். கொஞ்சம் புள்ளி புள்ளியாக வரும், வரட்டும். புள்ளியை ஆப் வைத்துக் குறைத்துவிடலாம், அசைந்த முகத்தை நிறுத்த முடியாது.

அப்புறம், கொஞ்ச நாளைக்கு ஜூம் செய்யாதீர்கள். லென்ஸை 35 மி.மீ.-ல் வைத்து ஜூம் வளையத்தின் மேல் ஒரு துண்டு செல்லோடேப் ஒட்டிவிடுங்கள். கிட் லென்ஸோடு வருகிற பெரும்பாலான கேமராக்களில் இது பழைய ஃபிலிம் கேமராவின் 50 மி.மீ. பார்வைக்குக் கிட்டத்தட்டச் சமம். பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஹென்றி கார்ட்டியே ப்ரெஸ்ஸோன் தன் படங்களில் பெரும்பாலானவற்றை அந்த 50-இலேயே எடுத்தார். (1950 ஏப்ரலில் ரமணர் மறைந்தபோது திருவண்ணாமலையில் இருந்தவர் அவர்.) ஜூம் இல்லையென்றால் நீங்கள் நடக்க வேண்டும், உட்கார வேண்டும். அப்படி நகரும்போதுதான் பின்னால் இருக்கும் மின்கம்பமும் ஒயர்களும் கண்ணில் படும். அரையடி இடப்பக்கம் நகர்ந்தால் கம்பம் தலைக்குப் பின்னாலிருந்து விலகிவிடும். குழந்தைகளை எடுக்கும்போது தரையில் உட்கார்ந்துவிடுங்கள். நின்றபடி எடுத்தால் உச்சந்தலைதான் கிடைக்கும்.

போனில் எடுப்பவர்களுக்கு ஒரே வரி: லென்ஸைத் துடையுங்கள், முகத்தை எடுக்கும்போது ஜூமை 1-ல் வைத்து நெருங்கிப் போகாமல் பின்னால் தள்ளி நின்று 2 அல்லது 3-ல் வையுங்கள், மூக்கு பெரிதாகத் தெரியாது. வாட்ஸ்அப்பில் வந்த படத்தை வைத்துக் கேமராவை எடைபோடவும் கூடாது. அது படத்தைச் சுருக்கித்தான் அனுப்பும். டாக்குமெண்டாக அனுப்பினால் உள்ளபடி போகும்.

இவ்வளவுக்கும் பிறகு லென்ஸ் ஆசை போகவில்லையா? சரி, எஃப் 1.8 லென்ஸ் ஒன்று வாங்குங்கள். எஃப் 5.6-ஐ விட ஏறக்குறைய 10 மடங்கு வெளிச்சம் உள்ளே விடும், இரவு ஹால் பிரச்சினை தீரும். எல்லோரும் 50 வாங்கச் சொல்வார்கள். உங்கள் கேமராவில் அது வீட்டுக்குள் கொஞ்சம் நெருக்கடியாக இருக்கும், பின்னால் போகச் சுவர் விடாது. 35 வசதி. பழையது வாங்குவதாக இருந்தால் டார்ச் அடித்துக் கண்ணாடிக்குள் சிலந்திவலை போலப் பூஞ்சை படர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். கடலோர ஊர்க்காரர் என்றால் வாங்கியதைத் தோல் பையில் போட்டு பீரோவில் வைக்காமல், காற்று புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள்.