ஒட்டுப்போட்ட தோணி

அன்புள்ள டீச்சர்,

தாண்டவன்வெளியிலிருந்து எழுதுகிறேன். 2018 தவக்காலத்தில் நீங்கள் புனித நாட்டுக்குப் போய் வந்ததைப் பற்றி எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அம்மாவுக்கு 67 வயது. அப்பா வாவியில் தோணி விட்டு மீன் பிடித்தவர், தவறிப் பத்து வருடமாகிறது. ஒவ்வொரு செப்டெம்பரும் அம்மா ஆயித்தியமலை மாதா கோயிலுக்குப் பாதயாத்திரை போவார். மடு மாதா கோயிலுக்கும் பல தடவை போயிருக்கிறார். சாகிறதுக்கு முன்னம் இயேசு நடந்த மண்ணை ஒரு தடவை மிதிக்க வேண்டும் என்பதுதான் இப்போது அவருடைய ஆசை. சுவிஸில் இருக்கும் தம்பிமார் செலவைப் பார்த்துக்கொள்கிறோம் என்கிறார்கள்.

எனக்குத்தான் மனம் ஒப்பவில்லை. அவ்வளவு காசுக்கு எங்கள் தெருவில் இரண்டு வீட்டுக்குக் கூரை போடலாம். கடவுள் எங்கேயும் இருக்கிறவர்தானே? இதற்கிடையில் ஏ.எல். படிக்கும் என் மகன் போனில் எதையோ பார்த்துவிட்டு, "அம்மம்மா, அங்க காட்டுற இடமெல்லாம் உண்மையான இடமில்லையாம்" என்று சொல்லிவிட்டான். அம்மாவின் முகம் வாடிவிட்டது. அந்தப் பக்கம் யுத்தம் வேறு. 2019இல் இங்கே சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்ததற்குப் பிறகு உயிர்த்த ஞாயிறு பூசைக்குப் போகவே பயப்படும் அம்மா, அந்த நாட்டுக்குப் போக மட்டும் பயமில்லை என்கிறார். நான் அவருக்கு என்ன சொல்ல?

ஒரு வாசகி, மட்டக்களப்பு

அன்பு மகள்,

அம்மா போகட்டும். அந்த நாடு அமைதியாக இருக்கும் ஒரு காலம் பார்த்து, முழங்காலும் இடம் கொடுத்தால், போகட்டும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

உங்கள் மகனைக் கடிந்துகொள்ள வேண்டாம். அவன் சொன்னதில் பாதி சரி. எருசலேமில் சிலுவைப்பாதை என்று இன்று நாம் நடக்கிற தெரு, பிற்காலத்து யாத்திரிகர்களின் வழக்கத்தால் உருவான பாதை. இயேசுவின் காலத்துத் தரை அதற்கு வெகு கீழே புதைந்து கிடக்கிறது. உயிர்த்த இயேசு சீடர் இருவரோடு நடந்துபோன எம்மாவு இதுதான் என்று காட்டும் ஊர்கள் ஒன்றுக்கு மேல் உண்டு. கானாவூரும் அப்படித்தான். இயேசுவின் கல்லறைகூட இரண்டு இடத்தில் காட்டுகிறார்கள். கத்தோலிக்கரும் கிழக்குத் திருச்சபையினரும் போவது திருக்கல்லறைக் கோயிலுக்கு. புரொட்டஸ்தாந்து சபையினர் பலர் விரும்பிப் போவது தமஸ்கு வாசலுக்கு வெளியே இருக்கிற தோட்டக் கல்லறைக்கு. அது மிக அமைதியான இடம், ஆனால் அந்தக் கல்லறை இயேசுவுக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே வெட்டப்பட்டது என்பது அகழ்வாராய்ச்சியாளர் பலரின் கருத்து.

திருக்கல்லறைக் கோயிலின் கதை இன்னும் கனமானது. அந்த இடம் அன்று நகர மதிலுக்கு வெளியே, கல் உடைத்த குழிகளும் கல்லறைகளும் இருந்த நிலம். கொன்ஸ்தாந்தைன் பேரரசர் கட்டுவித்த கோயில் 335இல் நேர்ந்தளிக்கப்பட்டது. 1009இல் அதை இடித்துத் தள்ளினார்கள், பிறகு திரும்பவும் எழுப்பினார்கள். 2016 ஒக்டோபரில் திருத்த வேலைக்காகக் கல்லறையின் பளிங்கு மூடியை நகர்த்தியபோது, உள்ளே இருந்த பழைய பலகைக் கல்லின் சாந்தை எடுத்துப் பரிசோதித்தார்கள். அது கொன்ஸ்தாந்தைன் காலத்தது என்று முடிவு வந்தது. ஆகவே ஆயிரத்து அறுநூறு வருடங்களுக்கு மேலாக மக்கள் இதே கல்லின் முன்னால்தான் முழந்தாளிட்டு வந்திருக்கிறார்கள் என்று துணிந்து சொல்லலாம். அதற்கு முந்திய முந்நூறு வருடத்துக்கு யாரும் சத்தியம் செய்ய முடியாது.

இதை அம்மாவிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அவர் தாங்குவார். ஏன் தெரியுமா? அவர் மடுவுக்குப் போனவர். மடுவில் மாதா காட்சி கொடுத்தா என்று யார் சொன்னது? 1670 அளவில் ஒல்லாந்தரின் துன்புறுத்தலுக்குத் தப்பி மாந்தையிலிருந்து காட்டுக்குள் ஓடிய சனங்கள் தங்கள் மாதாவின் சுரூபத்தையும் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அவர்கள் நின்ற இடம் மடு. 2008 ஏப்ரலில் யுத்தத்துக்குள் அதே சுரூபம் தேவன்பிட்டிக்குப் போய், சில மாதம் கழித்துத் திரும்பி வந்ததை நாம் கண்ணாலேயே பார்த்தோம். ஓடினவர்களின் கண்ணீர்தான் அந்தக் காட்டைக் கோயிலாக்கியது. "இது உண்மையான இடமா?" என்று மடுவில் நின்று உங்கள் அம்மா ஒரு நாளும் கேட்டிருக்க மாட்டார். எருசலேமிலும் அவர் கேட்கத் தேவையில்லை.

ஆனால் யாரும் மாற்றி வைக்க முடியாத இடங்களும் அங்கே இருக்கின்றன. ஒலிவ மலை அதே மலை. யோர்தான் அதே ஆறு. எல்லாவற்றையும் விட, கலிலேயாக் கடல் அதே கடல். எனக்கு அந்தப் பயணத்தில் எல்லாம் மங்கிப்போய் மிஞ்சி நிற்பது அந்தத் தண்ணீர்தான். அதனால் அதைப் பற்றிக் கொஞ்சம் நீட்டிச் சொல்லப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடல் என்று வேதத்தில் வாசித்து வாசித்து நான் கல்லடிக் கடலைப் போல ஒன்றை நினைத்து வைத்திருந்தேன். போய்ப் பார்த்தால் அது ஒரு நன்னீர் வாவி. நீளம் 21 கிலோமீற்றர், அகலம் கூடின இடத்தில் 13. நம்முடைய வாவி 56 கிலோமீற்றர் நீளம் என்பார்கள். அப்படிப் பார்த்தால் அது நம்முடையதில் பாதிகூட இல்லை. கப்பர்நாகும் கரையில் நின்றால் அக்கரை மலை தெரிகிறது. கப்பர்நாகும், பெத்சாயிதா, கொராசின், இயேசு அதிகம் அற்புதங்கள் செய்த மூன்று ஊரும் வடகரைப் பக்கத்தில் ஒன்றுக்கொன்று சில கிலோமீற்றர் தூரத்தில் இருக்கின்றன. வலையிறவுப் பாலம் தாண்டி வவுணதீவு வழியாக ஆயித்தியமலைக்கு நடக்கிற உங்கள் அம்மாவுக்கு அது ஒரு காலைப் பொழுது நடை. உலகத்தைப் புரட்டிப்போட்ட கதை இவ்வளவு சின்ன இடத்துக்குள், நடந்தே போய்வரக்கூடிய தூரத்துக்குள் நடந்ததா என்று நான் திகைத்து நின்றேன். முப்பது வருடம் வகுப்பில் வேதபாடம் படிப்பித்த எனக்கு அது அன்றுதான் உறைத்தது.

காற்றும் அப்படித்தான். அந்த வாவி கடல் மட்டத்துக்கு 200 மீற்றருக்கும் கீழே ஒரு பள்ளத்தில் கிடக்கிறது. சுற்றிலும் மலை. மலை இடுக்குகளால் குளிர் காற்று திடீரென்று இறங்கினால் அமைதியாக இருந்த தண்ணீர் கொஞ்ச நேரத்துக்குள் கொந்தளிக்கும். நம் பக்கத்தில் கச்சான் காற்றுத் திரும்பும்போது தோணிக்காரர் வானத்தைப் பார்க்கிற மாதிரி அங்கேயும் பார்த்திருப்பார்கள். சீடர்கள் பயந்ததை நாம் விசுவாசக் குறைவு என்று லேசாகச் சொல்லிவிடுகிறோம். தண்ணீரில் பிழைக்கிறவன் காற்றுக்குப் பயப்படத்தான் வேண்டும், அது தொழில் அறிவு. உங்கள் அப்பாவிடம் கேட்டிருந்தால் அவரும் இதையே சொல்லியிருப்பார்.

அந்தக் கரையில், கினோசார் என்ற இடத்து அருங்காட்சியகத்தில், ஒரு தோணி இருக்கிறது. 1986இல் மழை பொய்த்து வாவி வற்றியபோது, மீன் பிடிக்கிற அண்ணன் தம்பி இருவர் சேற்றுக்குள் அதன் விளிம்பைக் கண்டார்கள். தண்ணீர் திரும்ப ஏறுவதற்குள் இரவு பகலாகத் தோண்டி எடுத்து, மரம் உதிர்ந்து போகாமல் இருக்க வருடக்கணக்கில் மெழுகுக் கரைசலில் ஊறப் போட்டுப் பாதுகாத்தார்கள். நீளம் 8 மீற்றருக்குச் சற்று மேல், அகலம் 2.3 மீற்றர். இயேசுவின் காலத்துத் தோணி என்பது பரிசோதனையில் தெரிந்தது. அவர் ஏறின தோணி என்று ஆய்வாளர் யாரும் சொல்லவில்லை. அப்படி ஒன்றில்தான் ஏறியிருப்பார், அவ்வளவுதான்.

எங்கள் குழுவில் நம் ஊர் மீன்பிடிக் குடும்பத்து அம்மா ஒருவர் வந்திருந்தார். கண்ணாடிக்குள் அல்லது மாளிகைக்குள் இருந்த எதுவும் அவரை அசைக்கவில்லை. இந்தத் தோணிக்கு முன்னால் வந்ததும் நின்றுவிட்டார். வழிகாட்டி ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருந்தது அவருக்கு விளங்கவில்லை. குனிந்து, சரிந்து, பலகை பலகையாகப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்துச் சொன்னார்: "பாவம் கா, பலகை வாங்க வழியில்லாதவன்ட தோணி. பாருங்க, ஒட்டுக்கு மேல ஒட்டுப் போட்டிருக்கான்."

வழிகாட்டி அரை மணித்தியாலமாகச் சொன்னதும் அதுதான். பத்துக்கு மேற்பட்ட வகை மரம் அந்த ஒரு தோணியில் இருக்கிறது. கேதுரு, கருவாலி, கிடைத்த துண்டு துணுக்கு எல்லாம். வேறு தோணிகளில் கழற்றிய பலகையும் உண்டு. இனிப் பிரயோசனமில்லை என்ற நிலை வந்ததும், எடுக்கக்கூடியதைக் கழற்றிக்கொண்டு மிச்சத்தைத் தண்ணீரில் தள்ளிவிட்டிருக்கிறார்கள். அந்த அம்மா அழுதார். நானும் அழுதேன். இராமுழுக்க வலைவீசி ஒன்றும் அகப்படவில்லை என்று பேதுரு சொல்கிறாரே, அந்த வசனத்தை நான் எத்தனையோ தடவை விளக்கியிருக்கிறேன். அந்த அம்மா அதை வாழ்ந்திருந்தார். வெறும் தோணி கரைக்கு வருகிற காலையில் அடுப்பில் என்ன வைப்பது என்ற கேள்வி அவருக்குத் தெரியும்.

உங்கள் அம்மா போக வேண்டும் என்று நான் சொல்வதற்கு இதுதான் காரணம் மகள். வழிகாட்டிக்கும் தெரியாத, பாதருக்கும் தெரியாத ஒன்றை அவர் இங்கிருந்து கொண்டுபோவார். அந்தத் தண்ணீரின் முன்னால் நிற்கும்போது, நற்செய்தி தன்னைப் போன்ற ஒருத்தியின் வீட்டுக் கதை என்று அவருக்குத் தெரியும். அதைத் தெரிந்துகொண்டு இன்னும் சில வருடம் அவர் வாழ வேண்டாமா?

கடவுள் எங்கேயும் இருக்கிறவர் என்கிறீர்கள். உண்மைதான், அதைச் சபையின் பெரியவர்களே சொல்லியிருக்கிறார்கள். வானுலக வாசல் எருசலேமிலிருந்தும் பிரித்தானியாவிலிருந்தும் ஒரே மாதிரித் திறந்திருக்கிறது என்று புனித ஜெரோம் ஒருவருக்கு எழுதினார். அதை அவர் எழுதியது பெத்லகேமில் இருந்துகொண்டு. 420இல் சாகும்வரை அவர் அந்த ஊரைவிட்டுப் போகவில்லை. இரண்டையும் ஒரே மனிதர் மனதில் வைத்திருக்கலாம் என்பதற்கு எனக்கு அவர் போதும். ஒலிவ மலையில் 'பாத்தர் நொஸ்தர்' கோயில் என்று ஒன்று உண்டு. கர்த்தர் கற்பித்த செபத்தை நூற்றுக்கு மேற்பட்ட மொழிகளில் ஓட்டுப் பலகைகளில் எழுதிச் சுவரில் பதித்திருக்கிறார்கள். தமிழும் இருக்கிறது. அதன் முன்னால் நின்று நாங்கள் எல்லோரும் சத்தமாகச் சொன்னோம். புளியந்தீவுக் கோயிலில் சொல்கிற அதே செபம்தான். ஆனால் அன்று ஒருவராலும் அதைத் தடங்காமல் சொல்லி முடிக்க முடியவில்லை.

கூரைக் காசைப் பற்றி: உங்கள் மனம் நல்ல மனம். ஆனால் அது தம்பிமார் அம்மாவுக்குக் கொடுக்கிற காசு. கூரைக்குக் கொடுப்பதா என்பதை அம்மாவே தீர்மானிக்கட்டும். நீங்கள் அவருக்குப் பதிலாகத் தியாகம் செய்ய வேண்டாம்.

பயத்தைப் பற்றி நான் லேசாகச் சொல்ல மாட்டேன். சீயோனில் போன பிள்ளைகளை இந்த ஊர் மறக்கவில்லை. அம்மாவுக்கு அந்த நாட்டுக்குப் போகப் பயமில்லை என்பதை நான் நம்புகிறேன், ஆனால் பயப்பட வேண்டியது நீங்களும் தம்பிமாரும். 2023 ஒக்டோபருக்குப் பிறகு பெத்லகேமில் யாத்திரிகர் வரத்து நின்று, ஒலிவ மரத்தில் சுரூபம் செதுக்கிப் பிழைத்த கிறிஸ்தவக் குடும்பங்கள் வருமானமில்லாமல் போயின. அந்த வருட நத்தார்க் கொண்டாட்டங்களையும் அங்கே கைவிட்டார்கள். பயண முகவரின் வார்த்தையை மட்டும் நம்பாமல் வெளிநாட்டலுவல்கள் அமைச்சின் அறிவித்தலைப் பாருங்கள். பயணம் தடைப்பட்டால் காசு திரும்புமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். அங்கே போகவே முடியாத காலமாக இருந்தால் யோர்தான் நாட்டுப் பக்கம் மட்டும் போய்வரும் வழி இருக்கிறதா என்று கேளுங்கள். இயேசு திருமுழுக்குப் பெற்ற இடமாக வணங்கப்படும் அல்-மக்தாஸ் அங்கேதான் இருக்கிறது. மோசே நின்று பார்த்த நேபோ மலையும் அங்கேதான்.

அப்புறம் சில சில்லறை விஷயங்கள். எருசலேம் உயரத்தில் இருக்கிற நகரம், தவக்காலத்தில் நல்ல குளிர், கம்பளிச் சட்டை வேண்டும். பழைய நகரம் முழுக்க வழுக்கும் கற்படி, கல்வாரிக்கு ஏறுகிற படி மிகச் செங்குத்து. இறப்பர் அடி போட்ட சப்பாத்தை இப்போதே வாங்கிப் போட்டுப் பழகட்டும். பெத்லகேம் கோயிலின் வாசல் 1.2 மீற்றர் உயரம்தான், எல்லோரும் குனிந்துதான் போக வேண்டும். முதுகு வலி உள்ளவர் என்றால் யாராவது கைபிடிக்க வேண்டும்.

ஒன்று மட்டும் கண்டிப்பாகப் பாருங்கள். வாவிக் கரையில் இரண்டு இரவு என்று எங்களுக்குத் தாளில் எழுதித் தந்திருந்தார்கள். கொடுத்தது ஓர் இரவு. மற்ற நாளின் பாதி ஒரு நினைவுப் பொருள் கடைக்குள் போனது. எனக்கு இன்றைக்கும் அந்த மனவருத்தம் தீரவில்லை. உங்கள் முகவரிடம் இரண்டு இரவைப் பெயர் சொல்லி உறுதி செய்யுங்கள். வேறு இரண்டு கோயில்களைப் பயணத்திலிருந்து வெட்டினாலும் பரவாயில்லை.

கினோசார் நிகழ்ச்சி நிரலில் இருக்கிறதா என்றும் கேளுங்கள். இருந்தால் குழுவைக் கூட்டிப்போகிறவரிடம் இப்போதே சொல்லி வையுங்கள்: அந்தத் தோணிக்கு முன்னால் அம்மா எவ்வளவு நேரம் நிற்க விரும்புகிறாரோ, அவ்வளவு நேரம் பஸ் நிற்க வேண்டும்.

அன்புடன்,
டீச்சர்